டர்பனில் கிறிஸ்துமஸ் அலங்காரம்: எதை எப்போது மாட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டொங்காட், வெருலம், மெரிபாங்க் பக்கத்து வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் பொருந்தும்படி இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. குளிர்நாட்டுப் பெட்டிகளில் அச்சடித்திருக்கும் குறிப்புகள் நம் டிசம்பருக்கு ஒத்துவருவதில்லை. இங்கே அது கோடைக்காலம், மழைக்காலம், இடி மின்னல் காலம்.

கடைகள் ஏன் அக்டோபரிலேயே மரத்தை நிறுத்திவிடுகின்றன?

பெரும்பாலான அலங்காரப் பொருட்கள் சீனாவிலிருந்து கப்பலில் வருகின்றன. பெரிய கடைகள் ஆண்டின் முற்பாதியிலேயே ஆர்டர் கொடுத்துவிடும். சரக்கு குளிர்காலம் முடியும்போது டர்பன் துறைமுகத்தில் இறங்கும். இறங்கியதைக் கிடங்கில் போட்டுவைத்தால் வாடகை ஏறுகிறது, அலமாரியில் வைத்தால் பணமாகிறது. முதல் காரணம் இவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் வாங்குபவர்களின் கையிருப்பு. நம் ஊரில் நிறையக் குடும்பங்கள் லே-பை போட்டுத்தான் பெரிய பொருட்களை வாங்குகின்றன. அக்டோபரில் முன்பணம் கட்டி, அக்டோபர், நவம்பர் சம்பளங்களில் பாக்கியைத் தீர்த்து, டிசம்பரில் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். டிசம்பரில்தான் பொருளே கண்ணில் படும் என்றால் லே-பைக்கு நேரமே இருக்காது. நவம்பர் நான்காம் வியாழனுக்கு மறுநாள் பிளாக் ஃபிரைடே; அதற்கு முன் கடை கிறிஸ்துமஸ் தோற்றத்தில் இருக்க வேண்டும் என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். 2026-இல் அது நவம்பர் 27.

தீபாவளி முடியுமுன் கிறிஸ்துமஸ் மரம் வைப்பது முறையா?

சரக்கை அலமாரியில் வைப்பது வேறு, கடை முகப்பையே மாற்றுவது வேறு. முதலாவதைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இரண்டாவதைத் தீபாவளிக்குப் பிறகு செய்யுங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து. புரட்டாசி விரதம் முடித்து, பலகாரத்துக்கும் புதுத்துணிக்கும் வரும் குடும்பத்தை வாசலில் பனிமனிதன் வரவேற்றால், இந்தக் கடைக்கு நம் பண்டிகை கணக்கிலேயே இல்லை என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். அது வியாபாரத்துக்கும் நல்லதல்ல.

தீபாவளி ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2025-இல் அக்டோபர் 20. 2026-இல் நவம்பர் 8. நவம்பரில் வரும் ஆண்டில் இடைவெளி குறைவு என்று பதற வேண்டியதில்லை. இளமஞ்சள் நிற எல்இடி சரங்கள் இரண்டு பண்டிகைக்கும் பொருந்தும். தீபாவளிக்கு மாட்டிய சரத்தை அப்படியே விட்டுவிட்டு, அகல் விளக்குப் படம், கோலம், மயில் தோரணங்களை மட்டும் இறக்குங்கள். ஒரு வாரம் வெறும் விளக்கு எரியட்டும். பிறகு சிவப்பு, பச்சை, நட்சத்திரம் ஏற்றினால் ஒரு பகல் வேலை.

வீட்டில் எந்தத் தேதியில் தொடங்கலாம்?

வீட்டுக்குள்ளே என்றால் திருவருகைக் காலத்தின் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய காலம்) முதல் ஞாயிறு நல்ல நாள். நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறு அது. நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் விழும். 2026-இல் நவம்பர் 29, 2027-இல் நவம்பர் 28, 2028-இல் டிசம்பர் 3.

வீட்டுக்கு வெளியே என்றால் இன்னும் பொறுங்கள், டிசம்பர் இரண்டாம் வாரம் போதும். டிசம்பரில் டர்பனில் பகல் ஏறக்குறைய 14 மணி நேரம் நீள்கிறது. சூரியன் மறையவே மாலை 7 மணி ஆகிவிடும். இரவு 11-க்கு அணைத்தால் விளக்கு கண்ணுக்குத் தெரிவது 4 மணி நேரம். வெயிலில் காய்வது 14 மணி நேரம். நவம்பர் முதல் தேதியே மாட்டினால், கிறிஸ்துமஸ் வருவதற்குள் அந்தச் சரம் 700 மணி நேரத்துக்கு மேல் பகல் வெளிச்சத்தில் கிடந்திருக்கும். லண்டனிலோ நியூயார்க்கிலோ மாலை நாலரைக்கே இருட்டிவிடுவதால் அங்கே சீக்கிரம் மாட்டுவதில் பொருள் இருக்கிறது. இங்கே அப்படி இல்லை.

பள்ளி மூடுவதும் டிசம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டித்தான். பிள்ளைகளும் சேர்ந்து கட்டட்டும். டிசம்பர் 16 அரசு விடுமுறை நாள் அதற்கு வசதி.

திருச்சபை முறைப்படி எதெது எப்போது?

திருவருகைக் கால வளையத்தில் நான்கு மெழுகுவர்த்தி: மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்ற வேண்டும். ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. குடிலை முன்கூட்டியே கட்டலாம், ஆனால் குழந்தை இயேசுவின் சுரூபத்தை டிசம்பர் 24-ஆம் தேதி இரவுதான் வைப்பது வழக்கம். மூன்று ஞானிகளைக் குடிலுக்குத் தள்ளி வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரி 6-க்குள் கொண்டுவந்து சேர்க்கும் வீடுகளும் உண்டு. பிள்ளைகளுக்கு இதைவிட நன்றாகக் கதையைச் சொல்ல முடியாது. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் வளையமும் குடிலும் வழக்கத்தில் இல்லை. உங்கள் போதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசல் நட்சத்திரத்தை டிசம்பர் தொடக்கத்திலேயே ஏற்றலாம். கீத பவனிக்கு (வீடு வீடாகப் பாடிக்கொண்டு) வருகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். காகித நட்சத்திரம் என்றால் தாழ்வாரக் கூரைக்குள் இருக்கட்டும். உள்ளே சூடாகும் பழைய குண்டு பல்பு வேண்டாம். 3 முதல் 5 வாட் எல்இடி பல்பு போடுங்கள்.

நாங்கள் இந்துக் குடும்பம். பிள்ளைகள் மரம் கேட்கிறார்கள். மார்கழியில் வைக்கலாமா?

வைக்கலாம். மார்கழி டிசம்பர் 16-ஐ ஒட்டிப் பிறக்கும். மரத்தைப் பூஜை அறையிலிருந்து தள்ளி, கூடத்தில் வையுங்கள். குத்துவிளக்கின் சுடர் ஜிகினா இழைகளுக்கு எட்டாமல் குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி இருக்கட்டும்.

நிஜ பைன் மரம் எத்தனை நாள் தாங்கும்?

குளிர்நாட்டில் நான்கு, ஐந்து வாரம் என்பார்கள். டர்பன் வெக்கையில் இரண்டு, நன்றாகக் கவனித்தால் மூன்று வாரம். எனவே டிசம்பர் 8, 10-க்கு முன் வாங்காதீர்கள். வாங்கும்போது ஒரு கிளையைப் பிடித்து உள்ளங்கையால் நுனி நோக்கி இழுத்துப் பாருங்கள். பச்சை ஊசிகள் கொத்தாகக் கையோடு வந்தால் அது வெட்டிப் பல நாள் ஆன மரம்.

வீட்டுக்கு வந்ததும் அடித்தண்டில் 2 முதல் 3 செ.மீ. நேராக அறுத்துவிட்டு உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். பழைய வெட்டுவாயைப் பிசின் அடைத்திருக்கும், அதன் வழியாக நீர் ஏறாது. ஸ்டாண்டுக்குள் நுழையவில்லை என்று தண்டின் பக்கத்தைச் செதுக்கிவிடுகிறார்கள்; அதுதான் பெரிய தவறு. நீர் ஏறுவது பட்டையை ஒட்டிய வெளி அடுக்கில்தான். தண்டின் குறுக்களவு 8 செ.மீ. என்றால் நாளுக்குச் சுமார் 3 லிட்டர் குடிக்கும். காலையும் மாலையும் பாருங்கள். நீர்மட்டம் வெட்டுவாய்க்குக் கீழே இறங்கி சில மணி நேரம் ஆனால் பிசின் மறுபடி மூடிக்கொள்ளும். மறுபடி அறுக்கத்தான் வேண்டும். சர்க்கரை, ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும். மேற்கு வெயில் விழும் ஜன்னலும் ஏர்கான் காற்று நேராக அடிக்கும் இடமும் ஆகாது.

பிளாஸ்டிக் மரத்துக்கு எவ்வளவு விளக்கு, எவ்வளவு குண்டு?

1.8 மீட்டர், அதாவது 6 அடி மரத்துக்கு: 300 முதல் 400 எல்இடி விளக்கு, 60 முதல் 80 குண்டு (கிளையில் தொங்கவிடும் பளபள உருண்டை), 15 மீட்டர் ஜிகினா மாலை. சுவரோரமாக வைத்தால் பின்பக்கத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

வேலை வரிசைதான் முக்கியம். முதலில் சரங்களைத் தரையில் விரித்து அரை மணி நேரம் எரியவிடுங்கள். மரத்தில் சுற்றியபின் பழுதைக் கண்டுபிடிப்பது கொடுமை. பிறகு மரத்தைக் கீழ் அடுக்கிலிருந்து விரியுங்கள். ஒவ்வொரு கிளைநுனியையும் ஒன்று மேலே, ஒன்று வலம், ஒன்று இடம் என்று பிரிக்க வேண்டும். இதற்கு ஒரு மணி நேரம் போகும். மரம் ஒல்லியாக, கம்பி தெரிய நிற்பதற்குக் காரணம் விலை குறைவு அல்ல, இந்த ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தியதுதான்.

உச்சி நட்சத்திரம் விளக்கு வைத்தது என்றால் அதைத்தான் முதலில் மாட்ட வேண்டும். அதன் வயர் நடுத்தண்டை ஒட்டி இறங்கட்டும். கடைசியில் மாட்டினால் வயர் வெளியே தொங்கும். அடுத்து விளக்குச் சரம். பிளக் முனையைக் கீழே வைத்துக்கொண்டு மேல்நோக்கிப் போங்கள். மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவதைவிட, மூன்று பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வலமிடமாக வளைத்து ஏற்றினால் ஜனவரியில் இரண்டு நிமிடத்தில் கழற்றலாம். பிறகு மாலை, கடைசியில் குண்டுகள். பெரியவை உள்ளே தண்டை ஒட்டி, சிறியவை நுனியில்.

கரண்ட் எவ்வளவு ஆகும்?

100 எல்இடி சரம் சுமார் 6 வாட். நாளுக்கு 4 மணி, 30 நாள்: 0.72 யூனிட். யூனிட் 3 ராண்ட் என்று வைத்தால் 2 ராண்ட் 16 சென்ட். பழைய மினி பல்பு 100 உள்ள சரம் 40 வாட் இழுக்கும். அதே கணக்கில் 4.8 யூனிட், 14 ராண்ட் 40 சென்ட். பழையதை மாற்றச் சொல்வது பணத்துக்காக அல்ல, அது சூடாவதற்காக.

மழை பெய்தாலே எர்த் லீக்கேஜ் விழுகிறது. என்ன செய்வது?

டிசம்பரில் மிக அதிகம் வரும் கேள்வி இது. எங்கோ ஓரிடத்தில் ஈரம் வழியாகக் கரண்ட் கசிகிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் கரண்டைத் துண்டித்துத் தன் வேலையைச் செய்யும். அதைக் கட்டிப்போடவோ தவிர்த்து இணைக்கவோ ஒருபோதும் முயலாதீர்கள். உயிரைக் காப்பது அந்த ஒரு சுவிட்ச்தான்.

மழை நின்று, நீங்கள் உலர்ந்த தரையில் நிற்கும்போது, வெளி அலங்காரத்தின் எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. டிபி போர்டில் (வீட்டின் மெயின் சுவிட்ச் பலகை) எர்த் லீக்கேஜை மேலே தள்ளுங்கள். நிற்கவில்லை என்றால் பழுது சரத்தில் இல்லை. சாக்கெட்டிலோ வீட்டு வயரிங்கிலோ இருக்கிறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நின்றால் ஒவ்வொரு சரமாகச் செருகுங்கள். எது விழவைக்கிறதோ அதுதான் குற்றவாளி. அதை ஒதுக்கிவிடுங்கள்.

இனி காரணம். பெரும்பாலும் கசிவது விளக்கில் அல்ல, இணைப்பில். எக்ஸ்டென்ஷன் முனையையும் சரத்தின் பிளக்கையும் சேர்த்து இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிச் சுற்றிவிடுவார்கள். டேப் மழையைத் தடுக்காது. உள்ளே புகுந்த நீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். அதை அவிழ்த்துப் பாருங்கள்: பித்தளைப் பின் மீது பச்சைப் பொடி படிந்திருக்கும், பிளாஸ்டிக்கில் கருமை ஏறியிருக்கும். இணைப்பைத் தாழ்வாரத்துக்குள், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். வயர் அதற்குள் நுழையுமுன் ஒரு சாண் அளவு கீழே தொங்கி மேலே ஏறும்படி வளையம் விடுங்கள். வயர் வழியே ஓடிவரும் மழைநீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது. வெளியே மாட்டும் சரம் ஐபி44 (நீரும் தூசியும் புகாத அளவைக் காட்டும் குறி) என்று குறித்ததாக இருக்க வேண்டும். ஐபி20 வீட்டுக்குள் மட்டுமே. அடாப்டர் வைத்து 24 அல்லது 31 வோல்ட்டில் எரியும் சரங்களே வெளியிடத்துக்கு நல்லது. 230 வோல்ட் நேராக ஓடும் சரம் பிள்ளைகள் கைபடும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

லோட் ஷெடிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது), இடி மின்னல்?

கரண்ட் திரும்பி வரும் நொடியில் வோல்டேஜ் எகிறலாம். எல்இடி சரத்தின் சிறு கண்ட்ரோலர் பெட்டி அதில்தான் சாகும். கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கி, வந்து ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். இடி சத்தம் கேட்டதுமே வெளிச் சரங்களைப் பிடுங்கிவிடுங்கள்.

வெளியே மாட்டியவை ஏன் ஒரே ஆண்டில் கெட்டுப்போகின்றன?

வெயில், உப்புக்காற்று, காற்று, குரங்கு.

வெயிலில் சிவப்புதான் முதலில் வெளுக்கும்; ரிப்பன் இளஞ்சிவப்பாகிவிடும். மலிவான கேபிள் டை உடையும் அளவுக்குக் காய்ந்துவிடும். கறுப்பு நிற கேபிள் டை வெள்ளையைவிட வெயில் தாங்கும். மெரிபாங்க், இசிபிங்கோ போலக் கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் இரும்புக் கம்பி வளையம் மூன்று வாரத்தில் துருப்பிடித்துச் சுவரில் பழுப்புக் கோடு விழும். அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் பூசிய கம்பி வாங்குங்கள். ஜன்னல் பர்க்ளர் கம்பியில் கட்டும்போது இறுக்கிக் கட்டுங்கள். தளர்வாகக் கட்டினால் காற்றில் உரசி வயரின் மேல்தோல் தேயும்.

குரங்குகள் தின்னக்கூடிய எதையும் விடாது. பழம், மக்காச்சோளம், பாப்கார்ன் மாலை எல்லாம் வீட்டுக்குள். பளபளக்கும் சிவப்புக் குண்டையும் பழம் என்று பிடுங்கிக் கடித்துப் பார்க்கும். கண்ணாடிக் குண்டு என்றால் வாய் கிழியும். வெளியே பிளாஸ்டிக் குண்டு மட்டும்.

மரம் வைத்த நாளிலிருந்து நடுராத்திரியில் அலாரம் அடிக்கிறது.

கூடத்தின் மூலையில் இருக்கும் சென்சார் வெப்பம் நகர்வதைக் கவனிக்கிறது. மேலிருந்து தொங்கும் ஜிகினாவும் பலூனும் மின்விசிறிக் காற்றிலோ திறந்த ஜன்னல் காற்றிலோ ஆடினால் ஆள் நடமாட்டம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். சென்சாருக்கு இரண்டு மீட்டருக்குள் எதையும் தொங்கவிடாதீர்கள். மரமே சென்சாரை மறைத்து நின்றால் அது இன்னும் மோசம்: உண்மையாகவே திருடன் வந்தாலும் அடிக்காது. மரத்தை நிறுத்தியபின் அறைக்குள் நடந்து பார்த்துச் சோதியுங்கள். பரிசுப் பெட்டிகள் தெருவிலிருந்து தெரியாமல் இருக்கட்டும்.

எதையெல்லாம் முன்கூட்டியே மாட்டக் கூடாது?

சாக்லேட்: டிசம்பர் 24-ஆம் தேதி மாலைக்கு முன் வேண்டாம், உருகும். மிட்டாய்க் கோல்: உறையைப் பிரிக்காதீர்கள்; ஈரக்காற்றில் பிசுபிசுத்து, மறுநாளே எறும்பு வரிசை கட்டும். உயரமான மெழுகுவர்த்தி: ஜன்னலோரம் வைத்தால் மதிய வெயிலில் ஏற்றாமலேயே வளையும். சூடான பசையால் ஒட்டிய வேலைப்பாடு: வெயில் விழும் கண்ணாடியில் பசை இளகிக் கழன்று விழும், கம்பியால் கட்டுங்கள். ஸ்ப்ரே பனி: புகை வழியும் சிகரெட் பக்கத்திலோ சுடர் பக்கத்திலோ அடிக்கக் கூடாது, அதன் வாயு தீப்பிடிக்கக்கூடியது. கண்ணாடியிலிருந்து எடுக்க வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துடைத்தால் போதும்.

சரத்தில் பாதி எரிகிறது, பாதி எரியவில்லை.

ஒரு சரத்துக்குள் பல தொகுதிகள் உண்டு. ஒவ்வொரு தொகுதியிலும் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும். ஒரு விளக்கின் கால் துருப்பிடித்தாலோ கழன்றாலோ அந்தத் தொகுதி முழுதும் அணையும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அணைந்த பகுதியின் விளக்குகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். கழற்றக்கூடிய பல்பு என்றால் பெட்டியோடு வந்த மாற்றுப் பல்பைப் போடலாம். வார்த்து ஒட்டிய எல்இடியை வெட்டி ஒட்டாதீர்கள். அந்தச் சரத்தின் காலம் முடிந்தது.

அக்டோபரில் வாங்கியது டிசம்பரில் எரியவில்லை. கடை திருப்பி எடுக்குமா?

2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் அது பழுதானது என்று தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம். பழுதுபார்ப்பு, மாற்றுப்பொருள், பணம் மூன்றில் எது வேண்டும் என்று தேர்வது வாங்கியவரே. தவறாகப் பயன்படுத்திக் கெட்டதற்கு இது பொருந்தாது. ரசீதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அந்த வெப்பத்தாளின் எழுத்து டிசம்பருக்குள் வெளுத்துவிடலாம். வாங்கிய அன்றே ஒரு முறை எரியவிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

சிறு கடைக்கு ஒரு கால அட்டவணை சொல்லுங்கள்.

அக்டோபரில் ஒரே ஓர் அலமாரி: விளக்கு, பொதியும் தாள், அட்டை. லே-பை அறிவிப்பு அங்கேயே. தீபாவளி முடிந்த வாரம் முகப்பைத் துடைத்து வெறும் விளக்கு. நவம்பர் மூன்றாம் வாரம் மரமும் ஜன்னலும், பிளாக் ஃபிரைடேக்கு முன் முடிந்திருக்க வேண்டும். டிசம்பர் 10-க்குமேல் ஜன்னலை ஒரு முறை மாற்றி அடுக்குங்கள். ஆறு வாரம் ஒரே ஜன்னலைப் பார்த்த கண் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடும். கட்டடத் தொழிலாளர்கள் டிசம்பர் 15 வாக்கில் விடுமுறைக்குப் போவார்கள், போனஸ் கையில் இருக்கும். உங்கள் நல்ல பொருள் அப்போது முன்னால் இருக்கட்டும். தீயணைப்பான் முன்பும் அவசர வாசல் முன்பும் மரம் நிறுத்தாதீர்கள்.

எப்போது இறக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும்?

வழக்கப்படி ஜனவரி 6. பொங்கலுக்கு வீடு கழுவும் குடும்பங்களுக்கும் அது வசதி. நிஜ மரம் காய்ந்திருந்தால் புத்தாண்டுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். காய்ந்த பைன் மரம் நெருப்புக்கு எண்ணெய்.

வெளிச் சரங்களை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உப்பை எடுங்கள். நிழலில் ஒரு நாள் முழுதும் உலர்த்தி, அட்டையில் சுற்றுங்கள், முழங்கையில் சுற்றினால் வயர் முறுக்கும். பேட்டரிகளைக் கழற்றுங்கள், விட்டுவைத்தால் அடுத்த ஆண்டு பெட்டிக்குள் வெள்ளைப் பொடி கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றிருக்கும். கூரைக்கு அடியில் உள்ள சீலிங்கில் வைக்காதீர்கள், கோடையில் அங்கே பிளாஸ்டிக் வளையும், பசை இளகும், எலி வயரைக் கடிக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். அட்டைப்பெட்டி வேண்டாம், கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் அதற்குத்தான் காத்திருக்கின்றன. டப்பாவின் மேல் எழுதுங்கள்: எத்தனை சரம், எத்தனை மீட்டர், எது வெளிக்கு, எது உள்ளுக்கு.